பாய்

காதுக்குள் பச்சை மையில் குத்திய எழுத்துகள்தாம்
அவளுடைய முதல் பெயர்.
அடுத்தது பந்தயத் தாளில் அச்சானது: மன்ஸ்டர் மின்னல்.
மூன்றாவதை கோர்மக் ஹேனசி வைத்தான்,
லிமெரிக்கில் மழைக்குள் கார் ஓட்டி வருகையில்,
பின்னிருக்கையில் அவள் வாந்தியெடுத்த பிறகு:
ப்ரீடி.

ஐந்நூற்று இருபத்தைந்து கெஜம்.
இருபத்தொன்பது வினாடி.
முன்னால் ஓடியது முயல் இல்லை,
மோட்டார் இழுத்த துணிமூட்டை என்று
நாலு வருடம் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில்
மாடிப்படி தெரியாது.
கண்ணாடிக் கதவு தெரியாது.
சும்மா இருக்கச் சுத்தமாகத் தெரியாது.
கிண்ணத்தைப் பதினோரு வினாடியில் காலி செய்துவிட்டு
ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்பாள்,
பின்னங்கால் நடுங்க,
அந்தக் கதவும் மேலெழும்பித் திறக்கும் என்று.

கோர்மக் மட்டும் என்ன.
பால்பவுடர் ஆலையில் இரவு ஷிப்ட்.
விடிந்ததும் சிங்க் ஓரம் நின்றபடி
நாலே வாயில் ரொட்டியை அடைத்துக்கொள்பவன்.

மிருக வைத்தியர் கடையில் மருந்து எடுத்துத் தரும் ஊர்லா
அவன் கையில் திணித்தாள் ஒரு சிலிக்கான் சதுரம்.
தேன்கூட்டு அறைகள், குட்டி மேடுகள்,
முதுகில் உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்கள்.
"எதையாவது தடவிக் கொடு. நக்கட்டும்.
காலுக்கு மட்டும் வேலை கொடுத்தால்
மண்டை பாவமில்லையா?"

என் மொழியில் அதைப் பாய் என்பேன்.
விரித்துக் கிடப்பதும் பாய்.
கூண்டுக் கதவு தூக்கியதும்
முதுகெலும்பு முழுக்க ஒலிக்குமே, அந்த ஏவலும்
பாய்.

முதல் நாள் தயிர்.
பாயைக் கவ்விக்கொண்டு கூடத்தை மூன்று சுற்று.
சோபா, திரைச்சீலை, மின்கட்டண ரசீது
எல்லாம் வெள்ளைப் பொட்டு.
இரண்டாம் நாள் வேர்க்கடலை வெண்ணெய்.
ஆகாத இனிப்பு எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று
லேபிளை இரண்டு முறை படித்துத்தான் தடவினான்.
அவள் பாயின் ஒரு மூலையைத் தின்றாள்.
மறுநாள் முழுக்கப் பூங்காவில்
பையும் கையுமாகப் பின்னால் அலைந்தான்.
வந்தது.

அப்புறம்தான் கெட்டியான பாய் ஒன்று வாங்கி,
அவித்த பூசணியும் மசித்த மத்தி மீனும் தேய்த்து,
ஃப்ரீசரில் இரவெல்லாம் இறுக வைத்து
குளியலறைச் சுவரில் அழுத்தி ஒட்டினான்.

சுவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.
நாக்கு ஒரு குழிக்குப் போயிற்று.
சில்லிட்டுத் திரும்பியது.
மறுபடி போயிற்று.
அடுத்த குழி.
இந்த மேட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறதே,
தலையைச் சாய்த்தால் எட்டுமா?
எட்டியது.
இருபத்திரண்டு நிமிடம்.
கோர்மக் கடிகாரத்தைப் பார்த்தது
பழக்க தோஷம்.

பூனை சார்ஜென்ட்டுக்கும் ஒன்று, டூனா பூசி.
முகர்ந்தான். அவமானப்பட்டான்.
மண்ணைத் தள்ளி மூடுவதுபோல்
தரையைப் பிராண்டிவிட்டுப் போய்விட்டான்.
பகல் தூக்கத்தின் நடுவே கோர்மக்குக் கேட்டது:
அரத்தால் மரத்தைத் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம்.
எழுந்து பார்க்கவில்லை.
பார்த்தால் நிறுத்திவிடுவான்.

அக்டோபர் கடைசி இரவு.
பேய்வேடப் பிள்ளைகள் தெருமுனையில்
எங்கிருந்தோ கடத்தி வந்த வெடிகளைக் கொளுத்தினார்கள்.
கோர்மக் ஷிப்டுக்குப் போகவில்லை.
குளியலறையில் விளக்கு, வானொலி, சுவரில் பாய்.
ஒவ்வொரு வெடிக்கும் அவள் நின்றாள்,
விலா எலும்பு வெளியே தெறிக்க மூச்சு.
அவனைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள்.
நக்கினாள். நின்றாள். நக்கினாள்.
பயம் எங்கும் போய்விடவில்லை.
நாக்குக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அவன் ஈரத் தரையில் உட்கார்ந்து
தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.
ரொட்டி வெளியே கரகரப்பு, உள்ளே கொஞ்சம் உப்பு.
இந்த ரொட்டியா இத்தனை நாளும்?

பன்னிரண்டு தாண்டியபோது
குமிழ்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டு
பாய் தொப்பென்று விழுந்தது.
துள்ளியவள் திரும்பி வந்து
அது ஒட்டியிருந்த வெறும் டைல்ஸை
அவசரமில்லாமல் நக்க ஆரம்பித்தாள்.
அவனும் எடுத்து ஒட்டவில்லை.
வாயில் ரொட்டி இருந்தது.